எண்ணும் சொல்லும் சந்திக்கும் இடம்: சமூக ஆய்வில் கலப்பு முறை வடிவமைப்பு

சமூக ஆய்வறிக்கைகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஓர் இயலில் வினாநிரல் வழியே திரட்டிய தரவுகளின் அட்டவணைகள் இருக்கும். அடுத்த இயலில் நேர்காணல்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் இருக்கும். முடிவுரையில் இரு முறைகளும் பயன்படுத்தப்பட்டன என்று ஒரு வரி வரும். முதல் இயலை நீக்கிவிட்டாலும் இரண்டாவது ஒரு சொல்கூட மாறாமல் நிற்கும். இரண்டாவதை நீக்கினாலும் அட்டவணைகளுக்குத் தரப்பட்ட விளக்கத்தில் எந்த மாற்றமும் நேராது. இத்தகைய ஆய்வில் இரண்டு முறைகள் இருக்கின்றன, கலப்பு இல்லை. எண்களால் அளக்கும் அளவுசார் அணுகுமுறையையும், மனிதர்களின் சொற்களிலிருந்து பொருள் தேடும் பண்புசார் அணுகுமுறையையும் ஒரே ஆய்வில் இணைப்பதைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, அவை எந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டன, தொட்டதால் எது மாறியது என்பதுதான். அந்த இடத்தைத் தரவு திரட்டி முடித்த பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆய்வை வடிவமைக்கும்போதே அது தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இணைப்பு என்றால் என்ன என்பதைக் காட்டுவதற்கு, கலப்பு முறை என்ற பெயரே வழக்கில் இல்லாத காலத்தில் நடந்த மாரியந்தால் ஆய்வை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. மாரியந்தால் ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள சிற்றூர். ஒரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். உலகப் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட்டதும் ஏறத்தாழ ஊரே வேலையிழந்தது. நெடுங்கால வேலையின்மை மனிதர்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுமா, அல்லது செயலற்றுப் போகச் செய்யுமா என்ற கேள்வியோடு மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரைக் கொண்ட குழு அங்கே களப்பணி செய்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டது. ஊரிலிருந்த 478 குடும்பங்களுக்கும் தனித்தனிப் பதிவு அட்டைகள் உருவாக்கப்பட்டன. வாழ்க்கை வரலாறுகள் கேட்டு எழுதப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், உணவுக் குறிப்புகள், தேர்தல் முடிவுகள், நூலகப் பதிவேடு ஆகியவை திரட்டப்பட்டன. ஆய்வாளர்கள் வெறும் பார்வையாளர்களாக ஊருக்குள் நுழையக் கூடாது என்பதைக் குழு விதியாகவே வைத்திருந்தது. துணி வழங்குதல், மருத்துவ ஆலோசனை, தையல் பயிற்சி என்று ஊருக்குப் பயன்படும் ஏதோவொரு வேலையின் வழியாகவே அவர்கள் வீடுகளுக்குள் சென்றார்கள்.

இவற்றில் நூலகப் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கையில் பணமில்லாதவர்கள் நூலகக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டார்கள் என்று எவரும் எளிதில் விளக்கிவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் கட்டணமே நீக்கப்பட்டிருந்தது. நேரமோ முன்னெப்போதையும் விட மிகுதியாக இருந்தது. இருந்தும் மக்கள் படிக்கவில்லை. எண்ணிக்கை எழுப்பிய இந்தப் புதிரை எண்ணிக்கையால் தீர்க்க முடியாது. குழுவினர் தெருவில் ஆண்கள் நின்று நின்று நடப்பதைக் கவனித்தனர். கவனித்ததோடு விடாமல், மறைவான ஓரிடத்திலிருந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடை வேகத்தையும் நடுவே நிற்கும் தடவைகளையும் அளந்தனர். ஆண்கள் பெண்களை விட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். அடுத்த கட்டமாக, ஒரு நாளின் மணிநேரங்களில் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரும்படி நேர அட்டவணைகள் கொடுக்கப்பட்டன. ஒருவர் தம் காலைப் பொழுதைப் பற்றி, ‘இதற்கிடையில் நடுப்பகல் ஆகிவிடுகிறது’ என்று எழுதினார். மணிக்கணக்கை நிரப்புவதற்காக அமைக்கப்பட்ட கட்டத்துக்குள் வந்து விழுந்த அந்த வாக்கியம், மணிநேரம் என்ற அளவே அவருக்குப் பொருளிழந்துவிட்டதைக் காட்டியது. பெண்களின் அட்டவணைகளோ சமையல், துவையல், குழந்தைகள் என்று நிரம்பி வழிந்தன. கூலி போனாலும் அவர்களுக்கு வேலை போகவில்லை.

இந்த ஆய்வில் ஒரு முறை தந்த விடை, அடுத்த முறைக்கான கேள்வியாக மாறியது. கண்ணால் கண்டது அளவீடாயிற்று; அளவீடு வெளிக்காட்டிய வேறுபாட்டுக்கு மனிதர்களின் சொற்கள் பொருள் கொடுத்தன; அந்தப் பொருள் திரும்பச் சென்று நூலகப் பதிவேட்டின் எண்களை வேறு விதமாகப் படிக்க வைத்தது. ஓய்வு நேரம் பெருகியதும் அதைப் பயன்படுத்தும் ஆற்றல் குன்றியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்ற முடிவு, ஏதேனும் ஒரு முறையை மட்டும் கொண்டு எட்டக்கூடியதாக இருந்ததில்லை.

இரு அணுகுமுறைகளின் பொது இயல்புகளை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு, எத்தனை பேர், எதோடு எது சேர்ந்து மாறுகிறது என்பவற்றுக்கு அளவுசார் ஆய்வு விடை தேடுகிறது. எப்படி நிகழ்கிறது, சம்பந்தப்பட்டவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பவற்றுக்குப் பண்புசார் ஆய்வு விடை தேடுகிறது. இந்தப் பிரிவினை பாடநூலில் தோன்றுவது போல அத்தனை கூர்மையானதன்று. வினாநிரலில் ஒவ்வொரு கேள்வியின் சொல்லமைப்பும் பொருள் பற்றிய தீர்ப்பு ஒன்றைச் சுமந்திருக்கிறது. ‘பெரும்பாலானோர்’, ‘அரிதாக’ என்று எழுதும் ஒவ்வொரு நேர்காணல் பகுப்பாய்வும் மறைமுகமாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

இருந்தபோதிலும் 1980களில் இரு தரப்பினரிடையே கடுமையான பூசல் நிலவியது. உண்மை நம்மைச் சாராமல் வெளியே இருக்கிறது, அதை அளக்கலாம் என்பது ஒரு நிலைப்பாடு. சமூக உண்மை மனிதர்களின் புரிதலால் கட்டமைக்கப்படுகிறது, அதைப் பொருள்கொள்ளத்தான் முடியும் என்பது மற்றொன்று. அடிப்படை நம்பிக்கைகள் முரண்படும்போது முறைகளை மட்டும் ஒன்றுசேர்ப்பது பொருளற்றது என்று வாதிட்டவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். கலப்பு முறையை ஆதரித்தவர்கள் பலர் இதற்குப் பயன்வழிவாதத்தைத் துணைக்கு அழைத்தனர்: ஆய்வுக் கேள்விதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும், மெய்யியல் சார்பு அன்று. இந்த விடை பயனுள்ளது. ஆனால் சற்று அவசரமானது என்றே கருதுகிறேன். அடிப்படைக் கேள்வி ஒதுக்கி வைக்கப்படுகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. ஒருவர் வினாநிரலில் ‘என் உடல்நிலை நன்றாக உள்ளது’ என்று குறித்துவிட்டு, நேர்காணலில் தீராத வலியைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினால், எது அவருடைய உடல்நிலை என்ற வடிவில் அந்தக் கேள்வி பகுப்பாய்வு மேசைக்குத் திரும்பி வருகிறது.

முறைகளைச் சேர்ப்பதற்கான முதல் நியாயம் சரிபார்ப்பு என்ற அளவில்தான் பிறந்தது. டொனால்ட் கேம்பெல், டொனால்ட் ஃபிஸ்கே ஆகிய உளவியலாளர்கள் 1959இல், ஒரு பண்பை ஒரே கருவியால் அளந்தால் கிடைக்கும் முடிவில் பண்பு எவ்வளவு, கருவியின் சாயல் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது என்று காட்டினார்கள். வெவ்வேறு முறைகளால் அளந்து ஒப்பிட வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த தீர்வு. அவர்கள் பேசியது அளவீடுகளைப் பற்றி மட்டுமே. 1970களில் நார்மன் டென்சின் அந்தக் கருத்தை விரித்து, தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை ஆகிய நான்கிலும் பன்மை வேண்டும் என்றார். நில அளவையாளர் இரு புள்ளிகளிலிருந்து மூன்றாவதன் இருப்பிடத்தைக் கணிப்பது போல, இரு முறைகள் ஒரே முடிவில் சந்தித்தால் அந்த முடிவு உறுதிப்படுகிறது என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது.

இந்த எண்ணத்தில் ஒரு பாதி சரி. மறுபாதியின் சிக்கலை ரிச்சர்ட் லாபியர் 1934இல் வெளியிட்ட ஆய்வு முன்கூட்டியே காட்டிவிட்டது. ஓர் இளம் சீனத் தம்பதியரோடு அமெரிக்கா முழுவதும் பயணம் செய்த அவர், 251 தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் எப்படி வரவேற்கப்பட்டார்கள் என்று குறித்துவந்தார். ஓர் இடத்தில் மட்டுமே அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். விடையளித்தவர்களில் 10இல் 9 பேருக்கு மேல் ஏற்க மாட்டோம் என்றார்கள். இதில் கடிதம் பொய், நேரில் கண்டதுதான் மெய் என்று தீர்ப்பெழுதுவது எளிது. ஆனால் கடிதத்துக்கு விடை எழுதியவரும் வரவேற்பு மேசையில் நின்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதற்கும் மேலாக, ஓர் இனப்பெயரைக் காகிதத்தில் பார்த்து விடை சொல்வதும், நல்ல உடையில் புன்னகையோடு எதிரே நிற்கும் இருவரைப் பார்த்து முடிவெடுப்பதும் வெவ்வேறு செயல்கள். இரு முறைகள் முரண்பட்டன என்பதைவிட, அவை இரு வேறு பொருள்களை அளந்தன என்பதே பொருத்தம். வெறுப்பு இருந்தது; நேருக்கு நேர் அதைச் செயல்படுத்தும் துணிவோ தேவையோ இல்லாதிருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சமூகத்தின் உண்மை.

ஆகவே, முறைகள் ஒத்துப்போவதை மட்டும் வெற்றியாகக் கருதும் வடிவமைப்பு, தனக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த செய்தியைத் தூக்கி எறியத் தயாராக இருக்கும் வடிவமைப்பு. ஜெனிஃபர் கிரீனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 1989இல், 57 மதிப்பீட்டு ஆய்வுகளைப் பரிசீலித்து, முறைகளைச் சேர்ப்பதற்கு ஐந்து நோக்கங்கள் இருப்பதாக வகுத்தார்கள். சரிபார்ப்பு அவற்றில் ஒன்று மட்டுமே. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புதல், ஒன்றின் முடிவைக் கொண்டு மற்றொன்றை உருவாக்குதல், ஆய்வின் பரப்பை விரித்தல் ஆகியவற்றோடு, முரண்பாட்டைத் தேடிச் சென்று புதிய கேள்விகளைத் தொடங்குதல் என்பதையும் அவர்கள் தனி நோக்கமாகச் சேர்த்தார்கள். நடைமுறையில் மிகக் குறைவாகப் பயன்படுவதும், என் பார்வையில் மிகுந்த பலன் தருவதும் இந்தக் கடைசி நோக்கமே.

நோக்கம் தெளிவானால் வரிசை தெளிவாகும். ஜான் கிரெஸ்வெல், விக்கி பிளேனோ கிளார்க் ஆகியோரின் வழியாகப் பரவலான வகைப்பாட்டில் மூன்று அடிப்படை வடிவமைப்புகள் உள்ளன: அளவுசார் கட்டம் முன்னும் அதை விளக்கும் பண்புசார் கட்டம் பின்னும் வருவது, பண்புசார் தேடல் முன்னும் அதன்மேல் கட்டப்படும் அளவீடு பின்னும் வருவது, இரண்டும் ஒரே காலத்தில் நடந்து பகுப்பாய்வில் ஒன்றுசேர்வது. பெயர்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒவ்வொன்றிலும் இணைப்பு நிகழும் கணம் வேறு. தவறு நிகழும் இடமும் அதுவே.

முதல் வகையில் இணைப்பு என்பது, நேர்காணலுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவுக்குள் இருக்கிறது. கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களில் வசதியாகக் கிடைத்த சிலரிடம் பேசினால் கணக்கெடுப்பு வீணாயிற்று. வருமானம், கல்வி போன்று ஆளுக்கு ஆள் வேறுபடும் மாறிகளுக்கிடையிலான உறவைப் புள்ளியியல் வழியே கணித்த பிறகு, கணிப்புக்கு நன்கு பொருந்தியவர் சிலரையும் முற்றிலும் பொருந்தாதவர் சிலரையும் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். பொருந்தியவர்களிடம், நாம் ஊகித்த காரணம் அவர்கள் வாழ்க்கையில் உண்மையாகவே அப்படித்தான் இயங்கியதா என்று கேட்கலாம். பொருந்தாதவர்களிடம், நாம் அளக்கத் தவறியது எது என்று அறியலாம். அரசியல் அறிவியலில் இவான் லீபர்மன் 2005இல் முன்வைத்த உள்ளடுக்குப் பகுப்பாய்வு, நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இதையே முறைப்படுத்தியது. இதைச் செய்வதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. அதைத் தாமதமாக உணர்பவர்கள் பலர். கணக்கெடுப்பில் பெயரும் தொடர்பு விவரமும் நீக்கப்பட்டிருந்தால், அட்டவணையில் விலகி நிற்கும் அந்த ஒருவரை மீண்டும் சென்று பார்க்க வழியே இல்லை. மீண்டும் அணுகலாமா என்ற ஒப்புதலை முதல் சந்திப்பிலேயே கேட்டு, அடையாள விவரங்களைத் தரவிலிருந்து பிரித்துப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகையில் இணைப்பு, மனிதர்கள் சொன்னதை வினாவாக மாற்றும் வேலையில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, நிலையற்ற வேலையைப் பற்றிய நேர்காணல்களில் ஊதியக் குறைவைவிட, ‘அடுத்த வாரம் கூப்பிடுவார்களா என்று தெரியாது’ என்ற பேச்சே திரும்பத் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை ‘உங்கள் வேலைப் பாதுகாப்பு குறித்து எவ்வளவு நிறைவடைகிறீர்கள்?’ என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டால், நேர்காணல் தந்த நுட்பம் அந்த வாக்கியத்திலேயே தொலைந்துவிடும். ‘வரும் வாரம் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று இன்று உங்களால் சொல்ல முடியுமா?’ என்ற கேள்விதான் அவர்கள் பேசிய அனுபவத்தோடு ஒட்டி நிற்கிறது. எழுதிய பிறகு, கேள்வியைப் படித்தவரிடம் அது எதைக் கேட்கிறது என்று அவருடைய சொற்களிலேயே சொல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘குடும்ப வருமானம்’ போன்ற எளிய தொடரில்கூட, வெளியூரிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். இந்தச் சிறிய சோதனை பண்புசார் பணிதான், ஆனால் அளவுசார் தரவின் தரம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது.

மூன்றாவது வகை காலத்தை மிச்சப்படுத்துவதால் மிகவும் விரும்பப்படுகிறது. மிகவும் அடிக்கடி தோற்பதும் அதுவே. இரு தரப்பும் ஒரே கருத்தாக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். வினாநிரல் ‘நம்பிக்கை’ பற்றியும் நேர்காணல் ‘அச்சம்’ பற்றியும் கேட்டிருந்தால், பகுப்பாய்வில் எந்தத் திறமையாலும் அவற்றைச் சேர்க்க இயலாது. ஒப்பிடுவதற்கு உதவும் எளிய கருவி ஒன்று இணைப்பு அட்டவணை: ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கருத்தாக்கம், அதன் எதிரே புள்ளிவிவரம் சொன்னது, அடுத்து நேர்காணல்கள் சொன்னது, கடைசியில் அவை ஒத்துப்போகின்றனவா, விரிக்கின்றனவா, முரண்படுகின்றனவா, அல்லது ஒரு தரப்பு மௌனமாக இருக்கிறதா என்ற குறிப்பு. மௌனத்துக்கென்று இடம் வைப்பது முக்கியம். கணக்கெடுப்பில் வலுவாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி நேர்காணலில் ஒருவர்கூடப் பேசவில்லை என்றால், அது அவர்களுக்குப் பேசத் தேவையில்லாத அளவு இயல்பானதா, பேச முடியாத அளவு கூச்சத்துக்குரியதா என்று தேட வேண்டியிருக்கிறது.

வரிசை என்பது ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு, அமெரிக்காவில் 1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய குடியிருப்பு மாற்றப் பரிசோதனை நல்ல சான்று. வறுமை செறிந்த பகுதிகளில் பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிகளுக்குச் செல்ல வாடகை உதவி அளிக்கப்பட்டது. வேலை, வருமானம், பள்ளிக் கல்வி ஆகியவற்றில் மாற்றம் வரும் என்பதே முதன்மையான எதிர்பார்ப்பு. ஆனால் பாஸ்டனில் தொடக்கக் காலத்தில் நடந்த களப்பணியில், தாய்மார்கள் பேசியது பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றி: பிள்ளைகளுக்கு என்ன நேருமோ என்ற ஓயாத அச்சமும், அவர்களை எந்நேரமும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டிய களைப்பும். அதன்பின் வினாநிரல்கள் உடல், மன நலம் பற்றிய அளவீடுகளை உள்ளடக்கும்படி விரிந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த முடிவுகளில் பெரியவர்களின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை, மனநலத்தில் தெரிந்தது. களப்பணி இல்லாதிருந்தால் அந்தப் பலன் அளக்கப்படாமலே போயிருக்கும் வாய்ப்பு உண்டு. இதே எண்கள் அடுத்த புதிரையும் எழுப்பின: இடம்பெயர்ந்த குடும்பங்களில் பதின்வயதுப் பெண்கள் மேம்பட்ட அளவுக்கு ஆண் பிள்ளைகள் மேம்படவில்லை, சில வகைகளில் பின்தங்கவும் செய்தார்கள். மீண்டும் நேர்காணல்கள் நடந்தன. பால்டிமோரிலும் சிகாகோவிலும் பேசியபோது, பெண்கள் பெரும்பாலும் வீட்டிலும் கடைத்தொகுதிகளிலும் பொழுதைக் கழித்ததும், ஆண் பிள்ளைகள் தெருமுனைகளிலும் திறந்த வெளிகளிலும் கூடியதால் புதிய பகுதியில் அண்டையாரின், காவலரின் சந்தேகத்துக்கு ஆளானதும் தெரியவந்தன.

சிறிய நேர்காணல் தொகுப்பிலிருந்து விழுக்காடு கணக்கிடும் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். 12 பேரில் 9 பேர் ஒன்றைச் சொன்னதை 75 விழுக்காடு என்று எழுதும்போது, அந்த எண்ணுக்கு இல்லாத பிரதிநிதித்துவத்தை அது கோருகிறது. சொல்லாத மூவரிடம் அந்தக் கேள்வி எழுந்ததா என்பதே தெரியாமல் இருக்கலாம். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்வி ஒரே வடிவில் கேட்கப்படுவதில்லை. நேர்காணல்களில் அடையாளம் கண்டு குறியிட்ட கருப்பொருள்களை எண்ணிப் பார்ப்பது பகுப்பாய்வாளருக்குத் தன் நினைவின் சாய்வைத் திருத்திக்கொள்ள உதவும். மக்கள்தொகை பற்றிய முடிவுக்கு அது ஆதாரமாகாது. எதிர்த்திசையிலும் இதே தவறு நிகழ்கிறது: பெரிய கணக்கெடுப்பில் கிடைத்த சராசரிக்குப் பக்கத்தில், அதற்கு இசைவான ஒரே ஒரு மேற்கோளை அலங்காரமாக வைத்துவிட்டு, அதையே பண்புசார் சான்று என்று அழைப்பது.

சொன்னதற்கும் செய்ததற்கும் இடையிலான தூரத்தை ஆலன் பிரைமன் 2006இல் வெளியிட்ட பரிசீலனை பதிவு செய்திருக்கிறது. இரு அணுகுமுறைகளையும் சேர்த்ததாகக் கூறிய 232 சமூக அறிவியல் கட்டுரைகளை அவர் ஆராய்ந்தபோது, சேர்ப்பதற்கு ஆசிரியர்கள் முன்கூட்டிச் சொன்ன காரணமும், உண்மையில் இரு தரவுகளும் பயன்பட்ட விதமும் பல இடங்களில் பொருந்தவில்லை. ஆய்வு நடக்கும்போது எதிர்பாராத பயன் விளைவது இயல்பே. ஆனால் காரணமே சொல்லாமல் இரு முறைகளைக் கையாண்ட கட்டுரைகளும் அவற்றில் இருந்தன. முறைகள் இரண்டு என்றால் தரம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை, நிதி கோரும் முன்மொழிவுகளில் இன்னும் வலுவாகவே இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு முறை போதுமானால், அந்த முறையை ஆழமாகச் செய்வதே நேர்மையான வடிவமைப்பு.

இரண்டும் தேவை என்றால், முன்மொழிவிலேயே சிலவற்றை எழுத்தில் வைக்க வேண்டும்: எந்தக் கட்டத்தின் எந்த முடிவு, அடுத்த கட்டத்தின் எந்தத் தீர்மானத்தை மாற்றக்கூடும், முரண்பாடு எழுந்தால் மீண்டும் களத்துக்குச் செல்ல எவ்வளவு காலமும் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, புள்ளியியல் அறிந்தவரும் களப்பணி செய்தவரும் ஒருவருடைய பகுப்பாய்வை மற்றவர் எப்போது படிப்பார்கள். கடைசியில் சொன்னதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. குழு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் பகுதியை எழுதி முடித்த பிறகு சந்தித்தால், அங்கே பேசி மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. முதல் பத்து நேர்காணல்களின் எழுத்துப் படிகளைப் புள்ளியியலாளரும், முதல் சுற்று அட்டவணைகளை நேர்காணல் எடுத்தவர்களும், வினாநிரலை இன்னும் திருத்த முடிகிற காலத்திலேயே படித்துவிட வேண்டும்.